ஒட்டி வந்ததும் கொட்டிக் கலந்ததும்: அழகுப் பொருட்களில் கன உலோகம்

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறையில் எங்கள் பின்தெருவில் ஒரு பெண் இருக்கிறாள். என்னிடம் பத்தாம் வகுப்பில் வேதியியல் படித்தவள். ஒரு மாலை கைப்பையைத் திறந்து என் வீட்டுத் திண்ணையில் இரண்டு பொருட்களை வைத்தாள். ஒன்று, கடையில் ரசீதோடு வாங்கிய உதட்டுச்சாயம். இன்னொன்று, கட்டைவிரல் உயரத்தில் ஒரு வெள்ளை டப்பா. அதன்மேல் ஒரு பெண்ணின் படமும் எங்கள் இருவருக்குமே படிக்கத் தெரியாத எழுத்தும் இருந்தன.

உதட்டுச்சாயத்தைக் காட்டி, "டீச்சர், இதில் ஈயம் இருக்கிறது. குப்பையில் போடப் போகிறேன்" என்றாள். எப்படித் தெரியும் என்று கேட்டேன். கைப்பேசியில் வந்த செய்தியைப் படித்துவிட்டு, சாயத்தைப் புறங்கையில் தடவி அதன்மேல் தங்க மோதிரத்தைத் தேய்த்திருக்கிறாள். கறுப்பாகக் கோடு விழுந்ததாம். சரி, அந்த டப்பா எதற்கு என்றேன். "இது நல்ல கிரீம் டீச்சர். ஏழே நாளில் முகம் வெளுத்துவிட்டது. உங்கள் மருமகளுக்கும் ஒன்று வாங்கித் தரட்டுமா என்று கேட்கத்தான் கொண்டுவந்தேன்."

அவள் அஞ்சிய பொருளில் அஞ்சுவதற்கு அதிகம் இல்லை. அன்போடு என் பக்கம் நகர்த்தி வைத்தாளே, அந்த டப்பாவைத் தொடவே எனக்குக் கை வரவில்லை. இந்தக் குழப்பம் அவளுக்கு மட்டும் உரியதன்று. 'அழகுப் பொருட்களில் கன உலோகம்' என்று ஒரே வாக்கியத்தில் நாம் பேசுவது உண்மையில் இரண்டு வேறு விஷயங்கள். இரண்டையும் பிரித்துப் பார்த்தால் பாதிப் பயம் போய்விடும். மீதிப் பயம் போக வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேரும்.

எந்த ஈயம்?

முதலில் சொல்லில் இருக்கும் சிக்கலைத் தீர்த்துவிடலாம். தமிழில் ஈயம் என்றால் இரண்டு உலோகங்கள். பித்தளைப் பாத்திரத்துக்குப் பூசுகிறோமே, ரசம் வைக்கச் சொம்பு செய்கிறார்களே, அது வெள்ளீயம். பேட்டரியில் இருப்பதும் பழைய தண்ணீர்க் குழாய்களில் இருந்ததும் காரீயம். இரண்டுக்கும் பெயரில்தான் உறவு, குணத்தில் இல்லை. உதட்டுச்சாயம், கண்மை பற்றிய செய்திகளில் வரும் ஈயம் காரீயம்தான். 'என் பாட்டி ஈயச்சொம்பில் ரசம் வைத்துத் தொண்ணூறு வயது வரை இருந்தாள், ஈயம் ஒன்றும் செய்யாது' என்று வாதாடுகிறவர்களுக்கு இந்த ஒரு வரி போதும். இனி இந்தக் கட்டுரையில் காரீயம் என்றே எழுதுகிறேன்.

அடுத்தது 'கன உலோகம்'. கனமான உலோகம் என்றுதான் பொருள் வரும். ஆனால் தங்கம் காரீயத்தைவிடக் கனமானது. அதைக் கழுத்தில் போட்டுக்கொண்டு யாரும் நோயாளி ஆவதில்லை. ஆர்சனிக் அவ்வளவு கனமும் இல்லை, முழு உலோகமும் இல்லை. ஆனாலும் பட்டியலில் முன்வரிசையில் நிற்கிறது. வேதியியலாளர்களுக்கே இந்தச் சொல்மேல் எரிச்சல் உண்டு. சர்வதேச வேதியியல் ஒன்றியத்துக்காக ஜான் டஃபஸ் என்பவர் 2002-ல் எழுதிய அறிக்கையின் தலைப்பே, கன உலோகம் என்பது பொருளற்ற சொல்லா என்று கேட்கிறது. நடைமுறையில், குறைந்த அளவிலேயே உடலுக்குக் கேடு செய்யக்கூடிய சில தனிமங்களின் கூட்டுப்பெயர் அது. அழகுப் பொருட்களில் தேட வேண்டியவர்கள் பாதரசம், காரீயம், ஆர்சனிக், காட்மியம் ஆகிய நால்வர். நிக்கல், குரோமியம் இரண்டும் பெரும்பாலும் தோலில் ஒவ்வாமை உண்டாக்குகிறவை. கவரிங் கம்மல் போட்டால் காது புண்ணாகிறதே, அந்த வகை.

உலோகம் என்ற சொல்லைப் பார்த்ததுமே ஒதுங்க வேண்டியதில்லை. அம்மைக் கொப்புள அரிப்புக்கும் வேர்க்குருவுக்கும் போடும் காலமைன் திரவத்தில் இருப்பது துத்தநாகச் சேர்மம். அதன் இளஞ்சிவப்பு நிறம் இரும்பு ஆக்சைடு, அதாவது ஒருவகைத் துரு. துத்தநாகமும் இரும்பும் உடலுக்கு வேண்டியவையே.

இதுவரை பார்த்ததில் பிடித்துக்கொள்ள வேண்டியது ஒன்றுதான்: 'உலோகம் இருக்கிறதா' என்ற கேள்வி அரைகுறைக் கேள்வி. எந்த உலோகம், எவ்வளவு, எப்படி உள்ளே வந்தது என்று மூன்றையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

அரிசியில் கல், பாலில் தண்ணீர்

எங்கள் பாலக்காட்டுச் சித்தூர் வட்டம் நெல் விளையும் ஊர். அறுத்த நெல்லைக் களத்தில் அடித்து, மண்ணில் காயப்போட்டு எடுத்தால், எவ்வளவு புடைத்தாலும் அரிசியில் ஒரு கல் கிடக்கத்தான் செய்யும். யாரும் வேண்டுமென்று போட்டதில்லை. மண்ணிலிருந்து வந்ததால் மண் ஒட்டிக்கொண்டு வந்தது. பாலில் தண்ணீர் அப்படி வருவதில்லை. பசு தண்ணீர் கலந்து கறப்பதில்லை. யாரோ ஒருவர் லாபத்துக்காகச் சொம்பைக் கவிழ்க்கிறார்.

அழகுப் பொருட்களுக்குள் கன உலோகம் நுழைவதும் இந்த இரண்டு வழிகளில்தான்.

முதல் வழி, அரிசிக் கல்லின் வழி. உதட்டுச்சாயத்தின் செம்மை, முகப்பூச்சின் பழுப்பு, கண்ணிமைப் பூச்சின் மினுமினுப்பு எல்லாம் பெரும்பாலும் தாதுப் பொருட்கள். மினுமினுப்பு அப்பிரகம்; பவுடரின் வழவழப்பு டால்க் என்னும் கல். பூமியில் இரும்போடு கொஞ்சம் காரீயமும் ஆர்சனிக்கும் குரோமியமும் கலந்தே கிடக்கின்றன. சுத்திகரித்தால் குறையும், முற்றாகப் போகாது. இதை மாசு என்று சொல்லலாம்.

இரண்டாம் வழி, பாலில் தண்ணீரின் வழி. இங்கே உலோகம்தான் வேலையையே செய்கிறது. அது இல்லாவிட்டால் பொருள் விற்காது. தோலை வெளுக்கவைக்கும் கிரீமில் பாதரச உப்பு, சுருமாவில் காரீயத் தாது, செந்தூரத்தில் காரீயச் சிவப்பு. இதற்கு மாசு என்று பெயர் சொல்வது, கலந்தவனுக்கு நாம் செய்யும் உபகாரம்.

நரைமுடியை நாளுக்கு நாள் மெல்லக் கறுப்பாக்கும் சில வெளிநாட்டுச் சாயங்களும் இரண்டாம் வகையே. அவற்றில் காரீய அசிடேட் இருந்தது. முடியின் புரதத்தில் உள்ள கந்தகத்தோடு காரீயம் சேர்ந்து கறுப்பான காரீய சல்பைடாக மாறும், அதுதான் நிறம். அமெரிக்காவே 2018-ல்தான் இதற்கான அனுமதியை ரத்து செய்தது. நம் ஊர் முடிச்சாயங்களில் முகம் வீங்கச் செய்வது பெரும்பாலும் பிபிடி என்னும் வேறு வேதிப்பொருள். அது உலோகம் இல்லை, தனிக் கதை.

தண்ணீர்த் தொட்டிக் கணக்கு

'பிபிஎம்' என்று செய்திகளில் வருகிறதே, அது பத்து லட்சத்தில் ஒரு பங்கு. மொட்டைமாடியில் இருக்கும் ஆயிரம் லிட்டர் தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். அதில் ஒரு கிராம் உப்பைக் கரைத்தால் அது 1 பிபிஎம். நாக்கில் ருசியே தெரியாது.

இந்திய அழகுப் பொருள் விதிகள், 2020 என்ன சொல்கின்றன? பொதுவான அழகுப் பொருளில், தற்செயலாக வந்து சேர்ந்த பாதரசம் 1 பிபிஎம்மைத் தாண்டக் கூடாது. கண்ணுக்கு மட்டும் பயன்படும் பொருட்களில், கெடாமல் காக்கும் சேர்மமாக இருந்தால், 70 பிபிஎம் வரை விலக்கு உண்டு. நிறத்துக்காகக் காரீயச் சேர்மமோ ஆர்சனிக் சேர்மமோ சேர்க்கவே கூடாது. பயன்படுத்தும் சாயங்களில் ஒட்டி வரும் காரீயத்துக்கு 20 பிபிஎம், ஆர்சனிக்குக்கு 2 பிபிஎம் எல்லை. 'தற்செயலாக' என்ற அந்தச் சொல்லைக் கவனியுங்கள். அரிசியில் கல்லுக்குச் சட்டம் இடம் விடுகிறது. பாலில் தண்ணீருக்கு விடவில்லை.

இப்போது இரண்டு பொருட்களையும் தராசில் வைத்துப் பார்ப்போம்.

அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் சந்தையில் இருந்த 400 உதட்டுச்சாயங்களைச் சோதித்தது. சராசரியாக 1.11 பிபிஎம் காரீயம் இருந்தது. மிக அதிகமாகக் கிடைத்தது 7.19 பிபிஎம். அந்த மிக மோசமான ஒன்றையே ஒரு பெண் தினமும் பூசுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். சாப்பிடும்போதும் உதட்டை நனைக்கும்போதும் நாளைக்கு 24 மில்லிகிராம் சாயம் வயிற்றுக்குள் போகிறது என்றால், காரீயம் ஏறத்தாழ 0.17 மைக்ரோகிராம். மைக்ரோகிராம் என்பது ஒரு கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. குழந்தை பெறும் வயதிலுள்ள பெண்களுக்கு உணவு வழியாக ஒரு நாளில் சேரும் காரீயம் கவலைக்குரியதாகும் அளவு என்று அதே நிர்வாகம் வைத்திருப்பது 8.8 மைக்ரோகிராம். காரீயத்துக்குப் 'பாதுகாப்பான அளவு' என்று எதுவும் கண்டறியப்படவில்லை என்பது உண்மை. ஆகவே குறையக் குறைய நல்லது. ஆனால் அந்த உதட்டுச்சாயத்தால் என் மாணவிக்கு நோய் வரும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இடைப்பட்ட நிலையும் உண்டு. டில்லியிலுள்ள அறிவியல் சுற்றுச்சூழல் மையம் 2014-ல் 32 வெளுப்புக் கிரீம்களைச் சோதித்தபோது 14-ல் பாதரசம் இருந்தது. மிக அதிகமானதும் 2 பிபிஎம்முக்குள்தான். 2020 விதிகளின் எல்லைப்படி சில தவறு, கவலைப்பட வேண்டியதும்தான். ஆனால் இன்னும் தொட்டியில் ஓரிரு கிராம் கணக்கிலேயே நிற்கிறோம்.

இனி டப்பா. கேரள மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2023 முதல் 'ஆபரேஷன் சௌந்தர்யா' என்ற பெயரில் கடைகளில் சோதனை நடத்திவருகிறது. பிடிபட்ட சில பொருட்களில் பாதரசம் அனுமதித்த அளவைப்போல 12,000 மடங்கு வரை இருந்ததாக மாநில அரசே அறிவித்தது. தொட்டிக் கணக்கில் சொன்னால், ஒரு கிராம் இருக்க வேண்டிய ஆயிரம் லிட்டரில் பன்னிரண்டு கிலோ. அப்படிப்பட்ட கிரீமில் ஒரு கிராமை எடுத்து முகத்தில் தடவினால், 12 மில்லிகிராம் பாதரசம் தோலின்மேல் உட்காருகிறது. உதட்டுச்சாயக் கணக்கு 0.17 மைக்ரோகிராம், இது 12,000 மைக்ரோகிராம். வேறு உலோகம், வேறு பாதை, தடவியதெல்லாம் உள்ளே போவதும் இல்லை. ஆகவே நேருக்கு நேர் ஒப்பிடுவது முறையன்று. ஆனாலும் இரண்டையும் ஒரே மூச்சில் 'கன உலோகம் கலந்தவை' என்று சொல்வது, கொசுவையும் கோயில் யானையையும் ஒரே கயிற்றில் கட்டுவது மாதிரி.

சுருக்கமாக: ஒட்டி வந்த உலோகம் பெரும்பாலும் ஒற்றை இலக்க பிபிஎம்மில் இருக்கும்; கொட்டிக் கலந்தது ஆயிரக்கணக்கில் போகும்.

பாதரசம் எப்படி வெளுக்கவைக்கிறது

'வேலை செய்கிறதே டீச்சர்' என்பதுதான் அவளது வாதம். செய்கிறது. அதை மறுத்துப் பயனில்லை. எப்படிச் செய்கிறது என்று சொல்வதுதான் நியாயம்.

நம் தோலின் மேலடுக்குக்கு அடியில், நிறம் தயாரிப்பதற்கென்றே சில செல்கள் இருக்கின்றன. அவை தயாரிக்கும் கருமைப் பொருளுக்கு மெலனின் என்று பெயர். மெலனின் அழுக்கு இல்லை. வெயிலுக்குப் பிடிக்கும் குடை. பாலக்காட்டுக் கணவாய் வழியாக மார்ச் மாதத்தில் அடிக்கும் அனல்காற்றில் வயல்வேலை பார்க்கிறவர்களுக்கு அந்தக் குடை கூடுதலாக விரிந்திருக்கும், அவ்வளவே.

மெலனினைத் தயாரிக்க ஒரு நொதி வேண்டும். நொதி என்பது உடலுக்குள் ஒரு வேதிவேலையை விரைந்து நடத்திக்கொடுக்கும் புரதம். இந்த நொதிக்கு டைரோசினேஸ் என்று பெயர். அரவை மில்லில் மோட்டாரையும் எந்திரத்தையும் இணைத்து ஓட்டுவது பெல்ட். அதுபோல இந்த நொதியின் நடுவில் அமர்ந்து வேலையை ஓட்டுபவை செம்பு அணுக்கள். அங்கே பாதரசம் போய் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. பெல்ட் இருக்க வேண்டிய இடத்தில் யாரோ கம்பியைச் செருகியதுபோல் மில் நின்றுவிடுகிறது. புது மெலனின் வருவதில்லை. பழையது தோல் உரிய உரியப் போகிறது. முகம் வெளுக்கிறது.

தோலுக்கு ஊட்டம் கிடைத்து வந்த பளபளப்பு என்று நினைத்தது, ஓர் உறுப்பு வேலைநிறுத்தம் செய்ததன் அடையாளம். கிரீமை நிறுத்தினால் மில் மறுபடி ஓடும், நிறம் திரும்பும். சிலருக்கு முன்னைவிடக் கறுத்தும் போகும். உடனே பதறி இன்னொரு டப்பா வாங்குவார்கள். விற்கிறவருக்கு இதைவிட நல்ல வாடிக்கையாளர் கிடைப்பாரா?

(இதே ரக டப்பாக்களில் பாதரசத்துக்குப் பதிலாகவோ அதோடு சேர்த்தோ ஸ்டீராய்டு கலப்பதும் நடக்கிறது. அதுவும் விரைவாக வெளுக்கவைக்கும், தோலை மெலிதாக்கிப் பாழாக்கும். அதை இங்கே விட்டுவிடுகிறேன்.)

முகத்தில் பூசியது காலில் வீங்குவது ஏன்?

பாதரசம் என்றதும் பலருக்கு உடைந்த தெர்மாமீட்டரிலிருந்து ஓடிய வெள்ளிக்குண்டு நினைவுக்கு வரும். இன்னும் சிலருக்கு, பாதரச நஞ்சால் மக்கள் நோயில் விழுந்த ஜப்பானின் மினமாட்டா. 1956-ல் வெளிப்பட்ட அந்தக் கொடுமை மீனில் சேர்ந்த மீத்தைல் பாதரசம் என்னும் கரிமச் சேர்மத்தால் வந்தது. கிரீமில் இருப்பது பெரும்பாலும் மூன்றாவது வடிவம், பாதரச உப்பு. இது மயிர்க்கால் வழியாகவும் வியர்வைச் சுரப்பி வழியாகவும் தோலைக் கடந்து இரத்தத்தில் சேர்கிறது. அங்கிருந்து போய்க் குவியும் இடம் சிறுநீரகம்.

ஒவ்வொரு சிறுநீரகத்திலும் பத்து லட்சம் அளவில் நுண்ணிய வடிகட்டிகள் இருக்கின்றன. சாயாக்கடையில் தொங்கும் வடிகட்டித் துணியை நினைத்துக்கொள்ளுங்கள். சாயா இறங்கும், தூள் தங்கும். இரத்தத்திலும் அப்படியே: கழிவுநீர் இறங்க வேண்டும், புரதம் மேலேயே தங்க வேண்டும். பாதரசம் தொடர்ந்து சேர்ந்தால், சிலருடைய உடலின் எதிர்ப்புச் சக்தி அந்தத் துணியின்மீதே திரும்பிவிடுகிறது. துணி முழுக்க எதிர்ப்புப் புரதங்கள் படிந்து தடித்து, இழை விட்டுப்போகிறது. மருத்துவர்கள் இதை மெம்பரனஸ் நெஃப்ரோபதி என்பார்கள். தங்க வேண்டிய புரதம் சிறுநீரில் இறங்குகிறது. முட்டை வெள்ளையை அடித்தால் வருவதுபோல் நுரை கட்டுகிறது. இரத்தத்தில் நீரைப் பிடித்து வைத்திருந்தது அந்தப் புரதம்தான். அது குறைந்ததும் நீர் வெளியே கசிந்து பாதத்திலும் கண்ணிமையிலும் தேங்குகிறது. கால் வீங்கியவர் முகக் கிரீமை எப்படிச் சந்தேகிப்பார்?

சந்தேகித்தவர்கள் எங்கள் பக்கத்து மாவட்டமான மலப்புரத்தில் இருக்கிறார்கள். கோட்டக்கல்லில் சிறுநீரக மருத்துவர்கள், 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை இந்த நோயோடு வந்த 22 பேரைக் கவனித்தார்கள். அவர்களில் 15 பேருக்குச் சிறுநீரகத் திசுவில் 'நெல்-1' என்ற அரிதான புரத அடையாளம் இருந்தது. நம் வயல் நெல்லுக்கும் இதற்கும் உறவில்லை. ஆங்கில எழுத்துகளைச் சேர்த்தால் அப்படி ஒலிக்கிறது, அவ்வளவுதான். அந்த 15 பேரில் 13 பேர் வெளுப்புக் கிரீம் பூசியவர்கள். சிறுநீரக மருத்துவத்தின் முதன்மையான சர்வதேச இதழ் ஒன்றில் இந்த ஆய்வு வெளிவந்தது. பெரும்பாலோர் கிரீமை நிறுத்தியதும் மீண்டார்கள் என்பதும் அதில் இருக்கிறது. உடலில் சேர்ந்த பாதரச உப்பு ஒன்றிரண்டு மாதங்களில் பாதியாகக் குறையும். சிறுநீரகம் மன்னிக்கத் தயாராகத்தான் இருக்கிறது. நேரத்தோடு நிறுத்த வேண்டும்.

பூசாதவர்களுக்கும் இதில் பங்கு போகிறது. துண்டு, தலையணை உறை, அம்மாவின் கன்னத்தில் ஒட்டிக்கொள்ளும் குழந்தையின் கை, இவை வழியாகவும், கிரீமிலிருந்து எழும் ஆவி வழியாகவும் பாதரசம் வீட்டிலுள்ள மற்றவர்களுக்குப் போய்ச் சேரும்.

கண்மை, குங்குமம், 'இயற்கைப் பொருள்'

இந்த இடத்தில் என் வயதுப் பெண்கள் குறுக்கிடுவார்கள்: "அதனால்தான் நாங்கள் இயற்கையானதை மட்டும் தொடுகிறோம்." காரீயமும் இயற்கையானதுதான், பூமியிலிருந்துதான் எடுக்கிறார்கள்.

விளக்கெண்ணெய் விளக்கின் மேல் தட்டைக் கவிழ்த்துப் பிடித்த கரியில் செய்த மை வேறு, சுருமா வேறு. முன்னது வெறும் கரி. அதில் காரீயம் வர வழி குறைவு, சுத்தம்தான் கவலை. சுருமா என்று சிறு குப்பிகளில் பளபளக்கும் கருந்தூளாக விற்பது, பல நேரங்களில் அரைத்த கலீனா. கலீனா என்பது காரீய சல்பைடு என்னும் தாது. அதிலிருந்துதான் காரீயத்தையே உருக்கி எடுக்கிறார்கள். எடையில் பாதிக்கும் மேல் காரீயம் உள்ள சுருமாக்கள் சோதனைகளில் அகப்பட்டிருக்கின்றன. வளைகுடாவிலிருந்து வரும் பெட்டிகளில் பேரீச்சம்பழத்தோடும் அத்தரோடும் இதுவும் வரும். இரண்டுக்கும் 'கண்மை' என்றே பெயர் சொல்வதால் வரும் வினை இது.

குங்குமமும் அப்படியே. மஞ்சளோடு சுண்ணாம்பு போன்ற காரப்பொருள் சேர்ந்தால் சிவக்கும். ஆரத்தித் தட்டில் நாம் தினம் பார்க்கும் வித்தைதான். அப்படிச் செய்த குங்குமத்தில் காரீயத்துக்கு வேலை இல்லை. ஆனால் கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சுச் சிவப்பில் வரும் செந்தூரத்தில் காரீயச் சிவப்போ, சாதிலிங்கம் என்று நாம் சொல்லும் பாதரசத் தாதுவோ இருக்கலாம். அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தினர் 2017-ல் வெளியிட்ட ஆய்வில், நியூ ஜெர்சியிலும் மும்பை, டில்லியிலும் வாங்கிய 118 செந்தூர மாதிரிகளில் சுமார் எண்பது விழுக்காட்டில் காரீயம் இருந்தது; அவற்றில் பல 20 பிபிஎம்மையும் தாண்டின. ஆஞ்சநேயருக்குச் சாத்தட்டும், அவர் சிரஞ்சீவி. குழந்தையின் நெற்றிக்கு வேண்டாம்.

குழந்தை என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பாதரச உப்பு தோலைக் கடக்கும்; காரீயமோ நல்ல தோலை எளிதில் கடப்பதில்லை. அது கையிலிருந்து வாய்க்குப் போகும். கண்ணில் இட்ட மையைத் தேய்த்து, அதே விரலைச் சூப்புவது யார்? வயிற்றுக்குள் போன காரீயத்தில் பெரியவர்களின் குடல் சிறு பங்கைத்தான் உறிஞ்சும். சிறு குழந்தையின் குடல் பாதியளவு வரை உறிஞ்சிவிடும். உடல் அதைக் கால்சியம் என்று ஏமாந்து எலும்பில் சேமிக்கிறது. அங்கே பல பத்தாண்டுகள் தங்கும். தாய் கருவுறும்போது கருவின் எலும்புக்காகத் தன் எலும்பைக் கரைப்பாள். சிறுவயதில் சேர்த்த காரீயமும் அப்போது இரத்தத்துக்குத் திரும்பும். வளரும் மூளைக்கு அது செய்யும் சேதம் திரும்பப் பெற முடியாதது.

ஆக, பாதரசம் தோல் வழியாகச் சிறுநீரகத்துக்கு; காரீயம் கை வழியாக வாய்க்கும், அங்கிருந்து எலும்புக்கும் மூளைக்கும். பாதை வேறு என்பதால் எச்சரிக்கையும் வேறு.

சட்டமும் சோதனைச் சாவடியும்

பாதரசம் பற்றிய மினமாட்டா உடன்படிக்கை 2017-ல் நடைமுறைக்கு வந்தது. இந்தியா 2018-ல் ஏற்றது. பாதரசம் சேர்த்த அழகுப் பொருட்களை 2025-க்குள் அடியோடு நிறுத்துவது என்று 2023-ல் நாடுகள் முடிவு செய்தன. காகிதத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

எங்கள் பக்கம் வேலந்தாவளம், கோபாலபுரம், வாளையார் என்று வழிநெடுகச் சாவடிகள் உண்டு. காய்கறி லாரியை நிறுத்தலாம். கட்டைவிரல் உயர டப்பாவை எங்கே நிறுத்துவது? கேரளப் பக்கம் சோதனை கடுமையானால் தமிழ்நாட்டுப் பக்கப் பேன்சி கடையில் கிடைக்கும்; அங்கே கெடுபிடி என்றால் இங்கே. இணையத்திலோ எல்லையே இல்லை. ஆகவே கடைசிச் சாவடி வாங்குகிறவரின் கண்தான்.

இங்கே தயாரித்த பொருளானால் தயாரிப்பாளரின் முகவரி, உற்பத்தி உரிம எண், தொகுதி எண், காலாவதித் தேதி இருக்க வேண்டும். இறக்குமதியானால் இறக்குமதியாளரின் பெயர், முகவரி, பதிவுச் சான்றிதழ் எண் இருக்க வேண்டும். இவை இல்லாததை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். சேர்மானப் பட்டியலில் கலோமல், மெர்க்குரியஸ் குளோரைடு, அமோனியேட்டட் மெர்க்குரி, மெர்க்குரிக் அயோடைடு என்று எது இருந்தாலும் அது பாதரசமே. ஏற்கெனவே பூசியவர்கள் நிறுத்திவிட்டு, மருத்துவரிடம் கிரீமின் பெயரைச் சொல்லிச் சிறுநீரில் புரதம் போகிறதா என்று பார்க்கச் சொல்லலாம், எளிய சோதனைதான். உலோகத்தை உறிஞ்சி எடுக்கும் கால்பட்டை, நச்சு நீக்கும் பானம் என்றெல்லாம் விற்பவர்களுக்குக் காசு கொடுக்க வேண்டாம்.

மோதிரத்துக்கு வருவோம்

உதட்டுச்சாயத்தில் மோதிரத்தைத் தேய்த்தால் காரீயம் கறுக்கும் என்பது கட்டுக்கதை. மெழுகான பரப்பில் உலோகத்தை அழுத்தித் தேய்த்தால், காரீயம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கோடு விழும். நானே மெழுகுவர்த்தித் துண்டில் தேய்த்துக் காட்டினேன், அதிலும் விழுந்தது.

ஆனால் தங்கத்துக்கும் அந்த டப்பாவுக்கும் உண்மையாகவே ஓர் உறவு உண்டு. தங்கமும் வெள்ளியும் பாதரசத்தோடு சேர்ந்து இரசக்கலவை ஆகிவிடும். நகை நிறம் மங்கிக் கெடும். அதனால் பாதரசம் சேர்த்த சில கிரீம்களின் உறையில், தங்கம், வெள்ளி, அலுமினியம், ரப்பர் இவற்றின்மேல் படாமல் பார்த்துக்கொள்ளவும் என்று தயாரிப்பாளரே அச்சிட்டிருப்பார். நகைக்கு எச்சரிக்கை உண்டு, சிறுநீரகத்துக்கு இல்லை. உலகச் சுகாதார நிறுவனமும் இந்த வரியைப் பாதரசத்தின் அடையாளமாகவே குறிப்பிடுகிறது.

என் மாணவி டப்பா வந்த அட்டைப்பெட்டியை வீட்டிலிருந்து எடுத்துவந்தாள். பக்கவாட்டில் பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் நான்கு வரிகள் இருந்தன. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு படித்தேன். மூன்றாவது வரியில் நகை இருந்தது. அவள் தன் மோதிரத்தையே கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் சிறுநீர்ப் பரிசோதனைக்குப் போனாள். புரதம் இல்லை, மூன்று மாதம் கழித்து மறுபடி வரச் சொன்னார்கள். உதட்டுச்சாயத்தை வைத்துக்கொண்டாள். டப்பாவை மட்டும் என்னிடமே விட்டுவிட்டாள். இரண்டு பிளாஸ்டிக் உறைகளில் போட்டு இறுகக் கட்டி, மாட்டுக்கொட்டகைப் பரணில் வைத்திருக்கிறேன். வீடு வீடாகப் பிளாஸ்டிக் சேகரிக்க வரும் பெண்களிடம் கேட்டேன். அவர்கள் கழுவிக் காயவைத்ததைத்தான் எடுப்பார்கள். இதை எங்கே கொண்டுபோய்க் கழுவுவது?